இலவசமாய் வரும் இரட்சிப்பு

கேள்வி: வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைத் தவறாமல் கொடுக்கிறேன், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் உபவாசமிருக்கிறேன், ஆனாலும் பாவத்திலிருந்து மீட்கப்படும் இரட்சிப்புக்குத் தகுதியானவளா என்ற பயம் நீங்கவில்லையே?
- வாசகி, போச்சம்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: சகோதரி, தகுதியைத் தேடும்வரை அந்தப் பயம் நீங்காது. "இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்று இரட்சிப்பைப்பற்றிச் சொல்கிறது வேதாகமத்தின் எபேசியர் 2:8. உங்கள் பகுதி மாந்தோப்புக் குத்தகையைப்போல் பணம் கட்டிப் புதுப்பித்துக்கொள்ளும் உரிமையன்று அது. சிலுவையில் இயேசுவின் அருகே தொங்கிய கள்ளனுக்கு ஞானஸ்நானம் பெறவோ, காணிக்கை செலுத்தவோ, செய்த தீங்கைச் சரிசெய்யவோ வழியே இருக்கவில்லை. "அடியேனை நினைத்தருளும்" என்று அவன் கேட்ட அன்றே பரலோக வாழ்வாகிய பரதீசு அவனுக்கு வாக்களிக்கப்பட்டது. உபவாசத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை; எபேசியரின் அதே அதிகாரத்தின் 10ஆம் வசனம் நற்கிரியைகளை வலியுறுத்துகிறது, ஆனால் அவை ஈவைப் பெற்றவர்களின் நன்றியே, அதற்கான விலையல்ல. இன்றிரவு ஜெபத்தில் எந்தக் கணக்கும் ஒப்புவிக்காமல், "தந்தீர், பெற்றுக்கொள்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.