மகள் புரொடக்‌ஷன் இன்ஜினியரிங் கேட்கிறாள்: செக்கிங் பார்க்கும் ஓர் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

கம்ப்யூட்டர் வேண்டாம், புரொடக்‌ஷன்தான் படிப்பேன் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள், படித்துவிட்டு அவளும் என்னைப் போலக் கம்பெனியில்தான் நிற்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் இந்தப் படிப்பின் அருமை, திருப்பூர் பனியன் கம்பெனியில் இத்தனை வருடம், தைத்த பீஸில் குறை பார்த்து ஒதுக்கும் செக்கிங் வேலை பார்த்த உங்களுக்குத்தான் சட்டென்று விளங்கும்.

உடம்பு ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று நீங்கள் ஒதுக்கிப் போடும் பீஸை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 டீ-ஷர்ட், ஒன்றுக்கு 200 கிராம் என்றால் 2,000 கிலோ துணி. சாயப்பட்டறையில் 250 கிலோ மெஷின் என்றால் எட்டு லாட், அதாவது எட்டுத் தடவையாகப் பிரித்துச் சாயம் ஏற்ற வேண்டும். ஒரே கலர்தான், ஆனாலும் லாட்டுக்கு லாட் இம்மியளவு மாறும். கழுத்து ரிப் எந்த லாட்டோடு சேர்ந்து சாயம் ஏற வேண்டும், எந்த லாட் எந்த கட்டிங் டேபிளுக்குப் போக வேண்டும் என்று முன்பே எழுதி வைக்காவிட்டால், அது கடைசியில் உங்கள் மேஜைக்குத்தான் வந்து சேரும். எழுதி வைப்பவர்தான் பிளானிங் ஆள்; உங்கள் மகள் கேட்கும் படிப்பு இந்த வேலைக்குத்தான் தயார் செய்யும். வெளிர் நிறங்களை முதலில் ஓட்டி, கறுப்பைக் கடைசிக்குத் தள்ளி மெஷின் கழுவும் நேரத்தை மிச்சப்படுத்துவதும் அவர் வேலைதான்.

லாட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதில்தான் மூளைக்கு வேலை. கட்டிங், தையல், அயர்ன் மூன்றும் 1,000 பீஸுக்கு ஆளுக்கொரு நாள் எடுக்கும் என்று வையுங்கள். மொத்தமாக நகர்த்தினால் மூன்று நாள். 250, 250 ஆகக் கட்டி அனுப்பினால் ஒன்றரை நாளில் முடிந்துவிடும். அதற்காகச் சாயத்திலும் சின்ன லாட் போட முடியாது. பாதி மெஷினை ஓட்டினால் ஒவ்வொரு கிலோவுக்கும் செலவு ஏறும். இந்த இழுபறிக்கு ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கர் 1913-லேயே ஒரு சூத்திரம் எழுதினார். அதன்படி, மெஷின் மாற்றும் செலவு கால் பங்காகக் குறைந்தால் லாட்டைப் பாதியாக்கலாம். உங்கள் மகளுக்குக் கணக்குப் பிடிக்கும் என்றீர்களே, அந்தக் கணக்கு இங்கே வீணாகாது.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஷிப்மெண்ட் நெருங்கினால் ராத்திரியிலும் போன் வரும். நூல் வரத் தாமதமானால் போட்ட பிளான் எல்லாம் கலையும். முகம் சுளிக்காமல் மறுபடி போடத் தெரிய வேண்டும். சாய மாஸ்டரிடமும் தையல் பார்க்கும் பவர் டேபிள்காரரிடமும் மரியாதையாகப் பேசி வேலை வாங்கவும் தெரிய வேண்டும். மார்க்கைவிட இதைத்தான் நான் முக்கியமாகப் பார்ப்பேன்.

திருச்சி என்.ஐ.டி.யில் இந்தப் படிப்பு இருக்கிறது, ஜே.இ.இ. மெயின் எழுத வேண்டும். இல்லாவிட்டால் தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் புரொடக்‌ஷனோ மெக்கானிக்கலோ எடுக்கலாம். பிறகு மேற்படிப்புக்கான கேட் தேர்வில் இதற்கென்றே தனித்தாள் உண்டு. கார், மருந்து, பிஸ்கட் கம்பெனிகளுக்கும் இதே ஆள்தான் தேவை, திருப்பூரோடு நின்றுவிடாது.

கலந்தாய்வுக்கு முன் முதலாளியிடம் கேட்டு, ஒரு வாரம் அவளை பிளானிங் மேஜையில் உட்கார வையுங்கள். வாரக் கடைசியில் எந்த ஆர்டர் எங்கே தேங்கி நிற்கிறது என்று அவளாகவே உங்களிடம் சொல்கிறாளா என்று பாருங்கள். சொன்னால், எனக்கு ஒரு போன் போடுங்கள். விருப்பப் பட்டியலைச் சேர்ந்து உட்கார்ந்து நிரப்பலாம்.