கைப்பையில் இருக்கும் இன்ஹேலர்

கேள்வி: எனக்கு 39 வயது. இந்த விடுமுறைக்கு நான், கணவர், 12 வயது மகன் மூன்று பேரும் ஒரு தீவுக்குப் போகிறோம். கடைசி நாள் காலையில் ஸ்கூபா டைவிங்குக்கு மூவருக்கும் சேர்த்துக் கணவர் பதிவு செய்துவிட்டார், அன்று இரவே விமானம். எல்லோருக்கும் இதுதான் முதல் தடவை. எனக்குத் தண்ணீர் என்றாலே பயம். நினைத்தாலே நெஞ்சை அடைக்கிறது, தூக்கம் வருவதில்லை. கணவர் எதற்கும் துணிந்தவர், மகனும் அப்படி வளர வேண்டும் என்று ஆசைப்படுகிறார். மகனுக்கு லேசாக வீசிங் உண்டு, ஓடி விளையாடினால்தான் வரும். சின்ன வயதோடு அது போய்விட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். தெரிந்தால் திட்டுவார் என்று மகன் பாத்ரூமுக்குள் போய் இன்ஹேலர் அடித்துக்கொள்வான், சமர்த்துப் பிள்ளை. டைவிங் படிவத்தில் ஆஸ்துமா பற்றிக் கேட்டிருந்தார்கள். "எல்லாவற்றுக்கும் இல்லை என்று போடு, இல்லாவிட்டால் விட மாட்டார்கள்" என்றார், போட்டுவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று இன்ஹேலரை என் கைப்பையில் எடுத்துக்கொள்வேன். என் பயத்தை எப்படிப் போக்கிக்கொள்வது?

பதில்: உங்கள் பயத்தைப் பற்றி அப்புறம் பேசலாம், சகோதரி. நான் அந்தப் பாத்ரூம் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டேன், அதைத் தாண்டி வர முடியவில்லை. ஒரு பையன் மூச்சு இளைக்க இளைக்க வீட்டுக்குள் வருகிறான், அப்பா எங்கே இருக்கிறார் என்று பார்க்கிறான், உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுகிறான், இன்ஹேலர் அடிக்கிறான், முகத்தைக் கழுவிக்கொண்டு ஒன்றும் நடக்காதது போல வெளியே வருகிறான். சத்தம் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வான் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது, அதை நீங்கள் எழுதவில்லை. இதற்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் சமர்த்து.

இது மாதிரிக் கடிதம் எனக்குப் புதிது இல்லை. ஒன்றில் மலையேற்றம் இருக்கும், இன்னொன்றில் நீச்சல் போட்டி இருக்கும், உங்களுடையதில் கடல் இருக்கிறது. எல்லாவற்றிலும் நடுவில் எங்கோ ஒரு மூலையில் அதே வரி வந்துவிடும்: அவருக்குத் தெரிந்தால் கோபப்படுவார். கேட்கிற கேள்வி மட்டும் வேறு எதைப் பற்றியாவது இருக்கும்.

தண்ணீருக்குள் யாரும் பேச முடியாது. முதுகில் மாட்டிய சிலிண்டரிலிருந்து மூச்சுக் காற்றைத் தருகிற ரெகுலேட்டரை வாயில் கடித்துக்கொண்டிருப்பீர்கள், கைதான் பேச்சு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினால் 'நன்றாக இருக்கிறேன்'. உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் 'ஏதோ சரியில்லை'. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் 'மேலே போகலாம்', புதிதாகப் போகிறவர்கள் அதைப் 'பிரமாதம்' என்று நினைத்துக் காட்டிவிடுவதும் உண்டு. பயிற்சியாளர் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அந்த வட்டத்தைக் காட்டிக் கேட்டுக்கொண்டே இருப்பார், உங்கள் மகன் பதிலுக்குக் காட்ட வேண்டும். அவன் என்ன காட்டுவான்? அப்பா ஒரு கை தூரத்தில் மிதந்துகொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருப்பார். நெஞ்சு இறுக ஆரம்பித்திருக்கும். 'ஏதோ சரியில்லை' என்று கையை ஆட்டுவானா? வீட்டில் இத்தனை நாளாக எதைப் பழகினானோ அதைத்தான் அங்கேயும் செய்வான், வட்டம்தான் காட்டுவான். வீட்டிலாவது உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள இடம் இருந்தது.

இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை. 51 வயதில் என் மகள் வற்புறுத்தி ஒரு தடவை என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். 45 வயதைத் தாண்டியவரா என்பதும் அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி. ஆம் என்று போட்டேன், மேற்கொண்டு சில கேள்விகள் கேட்டார்கள், மருத்துவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் போனேன். மார்பளவு தண்ணீரில் அரை மணி நேரம் பழக்கினார்கள், அதெல்லாம் நன்றாகவே இருந்தது. முகம் தண்ணீருக்குள் போனதும் வெளி உலகத்தின் சத்தம் முழுக்க அறுந்துபோய், என் மூச்சு ஒன்றுதான் கேட்டது, உள்ளே இழுக்கும்போது ஒரு சீறல், வெளியே விடும்போது குமிழிகள் கன்னத்தை உரசிக்கொண்டு கடகடவென்று மேலே ஏறின. 4 மீட்டர் இறங்கியிருப்போம். இடது காதில் கம்பியை விட்டுக் குத்துவது போல வலி. பயிற்சியாளர் வட்டம் காட்டிக் கேட்டார், நானும் வட்டம் காட்டினேன். மகள் பின்னால் வந்துகொண்டிருந்தாள், அவள் ஆசையைக் கெடுக்கக் கூடாது என்று அந்த ஒரு நொடியில் தோன்றிவிட்டது. இன்னும் அரை மீட்டர் இறங்கினோம். அவர் என் கண்ணைப் பார்த்தாரோ, முகமூடிக்குள் நெற்றி சுருங்கியதைப் பார்த்தாரோ, தன் காதைத் தொட்டுக் காட்டி மறுபடி கேட்டார். அப்போதுதான் கையை ஆட்டினேன். ஒரு மீட்டர் மேலே கூட்டிவந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதச் சொன்னார். காது திறக்கவில்லை, அத்துடன் மேலே வந்துவிட்டோம். ஒரு வாரம் அந்தக் காதில் பஞ்சு அடைத்தது போலவே இருந்தது. 51 வயதுக்காரி, யாருக்கும் பயப்பட வேண்டிய அவசியம் இல்லாதவள், நானே வலியை மறைத்தேன். உங்கள் மகனுக்கு 12.

இப்போது அந்தக் கைப்பைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். பை படகில் இருக்கும். பையன் கடலுக்குள் இருப்பான். நீங்கள் எங்கே இருப்பீர்கள்? நீங்களும் கடலுக்குள்தான். உங்கள் கணவரும் கடலுக்குள்தான். படகில் இருப்பவருக்கு அந்தப் பையில் இன்ஹேலர் இருப்பதே தெரியாது, அதை யாருக்கும் தெரியாமல் வைப்பதுதானே உங்கள் ஏற்பாடு. பிறகு அது எந்தப் பாதுகாப்புக்கு? அந்த இன்ஹேலர் உங்கள் மனசாட்சிக்காக எடுத்துப் போவது, மகனுக்காக இல்லை.

ஆஸ்துமாவை ஏன் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் கை கூசியிருக்கும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை வெளியே விடாமல் மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியும். அதனால்தான் எந்தப் பயிற்சியாளரும் முதலில் சொல்வது, மூச்சை மட்டும் பிடித்து வைக்காதீர்கள் என்பது. அதற்குப் பெரிய ஆழம்கூட வேண்டாம், நிறைந்த நுரையீரலோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மீட்டர் சட்டென்று மேலே வந்தாலே கிழிந்துபோக வாய்ப்பு உண்டு. சரி, இளைப்பு என்றால் என்ன? காற்று உள்ளே போய்விடும், வெளியே வரத்தான் திணறும். பன்னிரண்டு வருடமாக அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டவர் நீங்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் மூச்சைப் பிடிக்காமலே, மூச்சுக்குழாய் சுருங்கி ஒரு மூலையில் காற்று சிக்கிக்கொள்ளலாம், மேலே வரவர அது விரியும், நுரையீரல் கிழிந்தால் காற்றுக் குமிழி ரத்தத்தில் புகுந்து மூளைக்கே போய்விடலாம். இளைப்பைக் கிளப்பிவிடுகிற எல்லாமே அங்கே இருக்கின்றன. சிலிண்டரில் இருப்பது ஆக்ஸிஜன் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், சாதாரணக் காற்றைத்தான் அமுக்கி அடைத்திருக்கிறார்கள், ஈரம் நீக்கிய காற்று, நெஞ்சை உலர்த்தும். தண்ணீர் உடம்புச் சூட்டை வெறும் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். துடுப்பு மாட்டிய காலை உதைத்து நீந்துவது ஓட்டம் மாதிரியே இளைக்க வைக்கும், ரெகுலேட்டர் வழியாக உப்புத் தண்ணீர் பொடித்துளியாக உள்ளே போகலாம், போதாக்குறைக்குப் பயம் வேறு. உங்கள் மகனுக்கு ஓடினால்தான் வரும் என்று 'தான்' போட்டு எழுதியிருக்கிறீர்களே, உடல் உழைப்பில் வருகிற இளைப்பை டைவிங்குக்கு ஆகாது என்றுதான் பொதுவாக மருத்துவர்கள் சொல்வார்கள்.

படிவத்தில் 'இல்லை' என்று போடச் சொன்னது அவர். போட்டது நீங்கள். 12 வயதுப் பையனுக்குப் பெற்றவர்தான் கையெழுத்துப் போட வேண்டும், அங்கே இருப்பது உங்கள் கையெழுத்து. அவர் தெரியாமல் சொன்னார், அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டதும் நீங்கள்தான். அந்தப் பயிற்சியாளரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முன்பின் பார்த்திராத ஒருவர், அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளை, உங்கள் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்கப் போகிறார், உங்கள் மகனைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு தாளில் இருப்பது மட்டும்தான். அதில் பொய்யை எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். ஏதாவது நடந்தால் பயண இன்சூரன்ஸ்காரரும் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார், ஆனால் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

வீட்டில் சண்டை வேண்டாம் என்று எத்தனையோ விஷயத்தை விழுங்கியிருப்பீர்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன், குடும்பம் நடத்துகிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் விழுங்கத்தான் செய்கிறார்கள். நீங்கள் விழுங்குங்கள், அது உங்கள் பொறுமை. பிள்ளையை விழுங்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. அப்பாவின் கோபத்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் நிற்க வேண்டியவர் நீங்கள், நீங்களோ பிள்ளைக்குப் பாத்ரூம் கதவைத் திறந்துவிட்டு வெளியே காவல் நிற்கிறீர்கள். உங்கள் கணவரைக் கெட்டவர் என்றும் நான் நினைக்கவில்லை. மகன் தன்னோடு கடலுக்கடியில் நீந்த வேண்டும் என்று ஆசைப்படுகிற அப்பாக்கள் எத்தனை பேர்? அவருக்கு உண்மையைச் சொல்லாமலே அவர் இப்படித்தான் நடந்துகொள்வார் என்று அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். சொன்ன பிறகும் 'போடு பார்த்துக்கலாம்' என்றால், அன்றைக்கு நீங்கள் சண்டை போட வேண்டும், வீடே கேட்கிற மாதிரி போட வேண்டும்.

இன்றைக்கே சொல்லுங்கள். மகனை அந்த அறையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள், அவன் ரகசியத்தைப் போட்டுக் கொடுப்பது போல இல்லாமல், 'நான்தான் உங்களிடம் மறைத்தேன்' என்று உங்கள் மேல் போட்டுக்கொண்டு சொல்லுங்கள். அப்புறம் நுரையீரல் மருத்துவரிடம் மூன்று பேருமாகப் போங்கள், டைவிங் என்று வெளிப்படையாகச் சொல்லி, ஊதிப் பார்க்கும் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். ஆஸ்துமா இருக்கிற எல்லோரையும் ஒரேயடியாகத் தடுத்துவிட மாட்டார்கள், சோதித்துப் பார்த்துச் சிலரை அனுமதிப்பதும் உண்டு, அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், கட்டிய பணம் போனால் போகட்டும். மேலாக மிதந்தபடி குழாய் வைத்து மீன் பார்க்கிற ஸ்னார்க்கெலிங்காவது செய்யலாமா என்று அதையும் அவரிடமே கேளுங்கள். அனுப்பிய படிவம் தவறு, திருத்திய படிவம் வருகிறது என்று டைவிங் நடத்துகிறவர்களுக்கும் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, கடைசி நாள் காலையில் டைவிங், அன்று இரவே விமானம் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு தடவை இறங்கினால்கூடக் குறைந்தது 12 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது, ஒரு நாள் இடைவெளி விட்டால் இன்னும் நல்லது. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும், அதற்குள் உயரத்துக்குப் போனால் குமிழியாகிவிடலாம். யார் இறங்குவதாக இருந்தாலும் அதைப் பயணத்தின் முதல் பாதிக்கு மாற்றச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் பயம். உங்களுக்குத் தண்ணீர் மேல் பயம் இருக்கலாம், ஆனால் ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது தண்ணீர் என்று நான் நம்பவில்லை. படிவத்தை அனுப்பிய நாளுக்கு முன்பும் தூக்கம் வரவில்லையா? யோசித்துப் பாருங்கள். உண்மையைச் சொன்ன பிறகும் பயம் மிச்சம் இருந்தால், இடுப்பளவு தண்ணீரில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு முகத்தை மட்டும் அமிழ்த்தி மூச்சு விட்டுப் பாருங்கள், பிடிக்காவிட்டால் கரையில் உட்காருங்கள். நல்ல பயிற்சியாளர் யாரையும் இழுத்துக்கொண்டு போக மாட்டார்.

புதுப் படிவத்தை நிரப்பும்போது மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா கேள்வி வரும் இடத்தில் பேனாவை அவனிடம் கொடுத்து 'ஆம்' என்பதில் அவனையே டிக் போடச் சொல்லுங்கள், கீழே நீங்கள் கையெழுத்துப் போடுங்கள், அதற்குப் பக்கத்தில் அவர் கையெழுத்தையும் வாங்குங்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், உங்கள் கணவர் என்ன சொன்னார் என்பதையும்.