பாடுவதற்கு இடம் விடாத பாட்டுகள்

அன்புள்ள அக்கா,

கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் கரைவலையின் பாட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பிடித்திருந்தது. ஆனால் கடைசியில் 'இப்போது வரும் பாட்டுகளைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நான் கீழக்கரையில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கக் காதில் விழுவது புதுப் பாட்டுகள்தான். அதில் சிலது எனக்கும் பிடிக்காது. ஆனால் பெரியவர்கள் எல்லாக் காலத்திலும் இதையேதானே சொல்லியிருக்கிறார்கள்? என் வாப்பா சின்னப் பிள்ளையாக இருந்தபோது சினிமாப் பாட்டு வந்தாலே வீட்டில் ரேடியோவை அணைக்கச் சொல்வார்களாம். இன்றைக்கு அந்தப் பாட்டுகளைத்தான் பொற்காலம் என்கிறோம். தொழில்நுட்பம் வளர்ந்தால் பாட்டு மாறத்தானே செய்யும்? உங்களுக்கு எது எரிச்சல் என்று குறிப்பாகச் சொல்ல முடியுமா?

அன்புடன்,
கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி
(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

குறிப்பாகச் சொல்லச் சொன்னது நல்லது. சொல்ல நிறைய இருக்கிறது.

பெரியவர்கள் எப்போதும் திட்டுவார்கள் என்பது உண்மை. 1940-ல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தையே உள்ளே விடக் கூடாது என்று ஒதுக்கியது. கட்டைக்குக் கட்டை தனித்தனியாக நிற்கும் அந்த வாத்தியத்தில் நம் இசையின் நெளிவு வராது என்பது காரணம். அந்தத் தடை தளர 1971 ஆயிற்று. 1952-ல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றால் ஆகாது. அரசு வானொலியில் அது கிட்டத்தட்ட இல்லாமலே போனது. நாடே இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பியது. நம் கரைக்காரர்களுக்கு இலங்கைக் கரையின் தலைமன்னார் பக்கத்துத் தெரு மாதிரி. கடல் மேல் தடங்கல் இல்லாமல் வந்த அந்தப் பாட்டு இங்கே உள்ளூர் நிலையத்தைவிடத் துல்லியமாகக் கேட்டது. 1957-ல் விவித பாரதியைத் தொடங்கி அரசாங்கம் இறங்கி வந்தது. கேஸ்கர் செய்ததை நான் ஏற்கவில்லை. மக்கள் ஆசையாகக் கேட்கும் பாட்டை நிறுத்த எந்த அமைச்சருக்கும் உரிமை கிடையாது. என் குறை வேறு.

தொழில்நுட்பத்தின் மேலும் எனக்குக் கோபம் இல்லை. மைக் வருவதற்கு முன்னால் நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று கிட்டப்பா காலத்துக்காரர்கள் உச்சத்தில் பாடினார்கள். மைக் வந்த பிறகுதான் ஒருவர் நம் காதோடு பேசுவது போல் பாட முடிந்தது. 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் பிடிக்கும். அதற்குள் பல்லவியும் சரணமும் இடையிசையுமாக அடக்கிக் காட்டினார்கள். கருவி பாட்டை மாற்றியது. மாறிய பிறகும் அதை ஊர் பாடியது.

இன்றைக்கு வரும் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை நாம் திருப்பிப் பாட முடியவில்லை என்பதுதான் என் எரிச்சல். கேட்கலாம், ஆடலாம், வீடியோவுக்குப் பின்னால் ஓட விடலாம். பாட முடியாது.

நான் சொல்வது விளங்க வேண்டும் என்றால் கரைவலைக்குத்தான் போக வேண்டும். தனுஷ்கோடிப் பக்கம் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ஒருவர் வரி எடுப்பார். மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்கும்போது குதிகால் மணலில் புதையும், உடம்பு பின்னால் சாயும், கயிறு கொஞ்சம் வரும். அப்புறம் அடுத்த வரி. எடுப்பவர் பாடுகிற நேரம்தான் மற்றவர்கள் மூச்சு வாங்குகிற நேரம். மீன் சேரும் வலையின் மடி கரையை நெருங்க நெருங்கப் பாரம் கூடும், வரி குறுகும், தாளம் வேகமெடுக்கும். எடுப்பவருக்கு நல்ல குரல் வேண்டும் என்பதில்லை. பீடி குடித்துக் கரகரத்த குரலே போதும். நினைத்த இடத்தில் புதிதாக ஒரு வரி சேர்ப்பார், வலை முதலாளியான சம்மாட்டியைக் கேலி செய்வார், சிரிப்போடு சிரிப்பாக வலை ஏறும். அந்தப் பாட்டின் நீளத்தையும் வேகத்தையும் முடிவு செய்தது மனிதர்களின் மூச்சு.

சினிமாப் பாட்டும் ரொம்ப காலம் மூச்சுக்குக் கட்டுப்பட்டுத்தான் இருந்தது. ஒரு வரி முடிந்ததும் பாடகர் மூச்சு வாங்குவார். அந்த இடைவெளியில் புல்லாங்குழலோ வயலினோ ஒரு துண்டு வாசிக்கும். கேட்பவரும் அங்கேயே மூச்சு வாங்கி அடுத்த வரிக்குச் சேர்ந்துகொள்வார். கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டே, கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே ஆளுக்கு ஒரு வரி பாடியவர்களை இந்தக் கரை முழுக்கப் பார்க்கலாம். வரி மறந்தால் அந்த இடையிசையை வாயாலேயே வாசிப்பார்கள்.

இப்போது குரலைத் துண்டு துண்டாகப் பதிவு செய்து ஒட்டுகிறார்கள். ஒரு வரியின் வால் அடுத்த வரியின் தலைமேல் ஏறி நிற்கிறது. நடுவில் கேட்ட மூச்சுச் சத்தத்தையும் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் ஒன்றைச் சேர்ந்து பாடிப் பாருங்கள். இரண்டாவது வரியிலேயே திணறும். பாடிய தொண்டைக்கே ஒரே மூச்சில் முடியாததை ஊர் எப்படிப் பாடும்?

சுருதியைத் திருத்தும் மென்பொருள் எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம். ஆண்டி ஹில்டிபிராண்ட் என்பவர் அமெரிக்காவில் எண்ணெய் தேடும் துறையில் இருந்தவர். பூமிக்குள் அதிர்வை அனுப்பி, திரும்பி வரும் அலையைக் கணக்கிட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லும் கணிதம் அவருக்கு அத்துப்படி. (நம் வழுதூர்ப் பக்கம் எரிவாயு எடுக்கிறார்களே, அந்தத் துறைதான்.) அந்த அனுபவத்தைக் குரலின் பக்கம் திருப்பி 1997-ல் ஆட்டோட்யூன் என்ற அந்த மென்பொருளைக் கொண்டுவந்தார். மறுவருஷமே ஷெர் என்ற அமெரிக்கப் பாடகியின் பாட்டில் அது வெளிப்படையாகக் கேட்டது. குரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வெடுக்கென்று தாவும். அதில் எனக்குக் குறை இல்லை. ஒளிக்காமல், ஒரு வாத்தியத்தைக் கையாள்வது போல் அதைக் கையாண்டார்கள்.

தேவை இருக்கிறதோ இல்லையோ எல்லாக் குரலிலும் அதைப் பூசிவிட்டு, இதுதான் இவருடைய குரல் என்று நம்மிடம் கொடுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தமிழ்ப் பாட்டில் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில்தான் விஷயமே நடக்கிறது. தாலாட்டில் குரல் வழுக்கி இறங்கும். ஒப்பாரியில் குரல் உடைந்து மறுபடி எழும்பும். நாகூர் ஈ.எம். ஹனிபா பிறந்தது நம் இராமநாதபுரத்தில். அவர் உச்சத்தில் குரலை ஏற்றி நிறுத்தும்போது அதன் ஓரம் லேசாகக் கிழியும். கேட்பவர் கண் கலங்குவது அந்த இடத்தில்தான். கீழக்கரைக்காரரான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பதிவு இன்றைக்கு ஒரு ஸ்டுடியோவுக்குப் போனால் முதல் வேலையாக அந்தக் கிழிசலைத்தான் தேய்த்து மழுக்குவார்கள். நெளிவு வராது என்று சொல்லி 1940-ல் ஹார்மோனியத்தை வெளியே வைத்தோம். இப்போது மனிதத் தொண்டையையே கட்டைக்குக் கட்டை நிற்கும் ஹார்மோனியமாக மாற்றிவிட்டோம். நன்றாகப் பாடத் தெரிந்த பிள்ளைகளுக்கும் இதைச் செய்கிறார்கள் என்பது என்னால் தாங்க முடியாத விஷயம். இத்தனை வருஷம் சாதகம் செய்து வளர்த்த குரல், பத்துப் பேர் குரலோடு கலந்து ஒரே குரலாகி விடுகிறது. யார் பாடுகிறார்கள் என்று குரலை வைத்துச் சொல்ல முடிகிறதா உங்களால்?

அடுத்தது சத்தம். சவுண்ட் செட் சத்தத்தைச் சொல்லவில்லை. அதற்குச் சட்டம் இருக்கிறது. இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ல் வந்த விதிகள் சொல்கின்றன, நம் ஊர்களில் யார் கேட்கிறார்கள் என்பது வேறு கதை. நான் சொல்வது பாட்டுக்குள்ளேயே வைத்துவிடுகிற சத்தம். கம்ப்ரஷன் என்று ஒரு வேலை உண்டு. உயர்ந்து எழும் ஒலியை அமுக்கி, மெல்லிய ஒலியைத் தூக்கிவிட்டு, மொத்தத்தையும் மேலே ஏற்றுவது. அளவோடு செய்தால் எல்லாப் பதிவுக்கும் அது தேவைதான். பக்கத்துப் பாட்டைவிட என் பாட்டு உரக்கக் கேட்க வேண்டும் என்ற போட்டியில் 1990-களிலிருந்து அது எல்லை மீறிப் போனது. பல்லவி எந்த உயரமோ சரணமும் அதே உயரம். ரகசியம் சொல்லும் வரியும் சண்டை போடும் வரியும் ஒரே அளவில் வந்து விழுகின்றன.

இதில் ஒரு நியாயமும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரம் போகும் பேருந்தில் உட்கார்ந்து பாருங்கள். இன்ஜின் சத்தம், ஹாரன், பாம்பன் பாலத்தில் ஏறியதும் ஜன்னல் வழியாக அறையும் காற்று. பழைய பாட்டில் வீணை தனியாக வாசிக்கிற இடம் அங்கே காதுக்கே எட்டாது. விசைப்படகில் டீசல் இன்ஜினுக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் அப்படித்தான். அமுக்கிய பாட்டு அங்கே உதவும். ஆனால் வீட்டுத் திண்ணையில், ராத்திரி, காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்பவருக்கும் பேருந்துக்கு உரிய பாட்டைத்தான் கொடுக்கிறார்கள். இத்தனைக்கும் அந்தப் போட்டிக்கே இப்போது பொருள் இல்லை. ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் உரக்க வரும் பாட்டைத் தாங்களே இறக்கித்தான் ஒலிக்கின்றன. ஏற்றிய சத்தம் போய்விடுகிறது, நசுங்கியது மட்டும் மிச்சம்.

பாட்டு குட்டையாகிப் போனதற்கும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகச் சேரும். அதற்குள் ஆள் தாண்டிப் போய்விடக் கூடாது என்று முன்னிசையை வெட்டுகிறார்கள். இரண்டாவது சரணம் பல பாட்டுகளில் இல்லவே இல்லை. 2020 ஜூனில் இங்கே டிக்டாக்கைத் தடை செய்தார்கள், ஜூலையில் ரீல்ஸ் வந்தது, அதற்கப்புறம் பாட்டையே அந்தப் பதினைந்து விநாடியை நடுவில் வைத்துத்தான் கட்டுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கடையில் நீங்கள் கேட்பதும் அந்தப் பதினைந்து விநாடிதானே? பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகள் அந்த ஒரு துண்டுக்கு அவ்வளவு அழகாக ஆடுகிறார்கள். அடுத்த வரி என்ன என்று கேட்டால் ஒருத்திக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் மேல் தப்பில்லை. அடுத்த வரி என்று ஒன்றை யாரும் அக்கறையோடு எழுதிக் கொடுக்கவில்லை.

கல்யாண வீடுகளில் இது இன்னும் உறைக்கிறது. நலங்கு வைக்கும்போது சுற்றி உட்கார்ந்து பாடிய பெண்கள் இன்றைக்கு ஸ்பீக்கருக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசக்கூட முடிவதில்லை.

சொல் தெளிவாகக் காதில் விழாத பாட்டு, அதை விட்டுவிடுகிறேன். அது எல்லோரும் சொல்வதுதான். ஆனால் ஒன்று: ராப் பாடும் பிள்ளைகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெரியவர்கள் முகம் சுளித்தாலும் எனக்கு அவர்களைப் பிடிக்கிறது. சொல்லைத் தெளிவாகச் சொல்கிறார்கள், தங்கள் தெருவைப் பற்றிச் சொல்கிறார்கள், மூச்சு எங்கே வாங்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டு பேர் சேர்ந்து கைதட்டிக்கொண்டே பாட முடிகிறது. தொழில்நுட்பம் வளர்ந்தால் பாட்டு மாறும் என்றீர்களே, இது நல்ல மாற்றம்.

கடைசியாக ஒன்று. இலங்கை வானொலியில் மயில்வாகனமும் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் பேசிய காலத்தில் பாட்டோடு சேர்த்து அதை உருவாக்கியவர்களின் பெயர்களும் வீட்டுக்குள் வந்தன. பாடியவர் யார், எழுதியவர் யார், இசை யார். பள்ளிக்கூடம் போகாத பெண்கள்கூட இது கண்ணதாசன் பாட்டு, இது பட்டுக்கோட்டையார் பாட்டு என்று பிரித்துச் சொன்னார்கள். கேட்டுக் கேட்டே அந்த ஞானம் வந்தது. இன்றைக்குச் செல்போன் திரையில் படத்தின் பெயர் இருக்கிறது, நடிகர் முகம் இருக்கிறது, எழுதியவரைத் தேடித் துழாவ வேண்டியிருக்கிறது. ஒரு வரிக்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவனுக்கு நாம் கொடுக்கக் கூடியது அந்தப் பெயர் ஒன்றுதான். அதையும் கொடுக்காமல் விடுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

நான் சொன்ன எல்லாவற்றுக்கும் நீங்கள் தலையாட்ட வேண்டியதில்லை தம்பி. நாள் முழுக்கப் புதுப் பாட்டு கேட்கிற காது உங்களுடையது. நான் கேட்காத நல்ல பாட்டு அதில் விழுந்திருக்கும். உங்களுக்குப் பிடித்ததில் நாலைந்து அனுப்புங்கள். துண்டு வேண்டாம், முழுப் பாட்டாக அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் எழுதியவர் பெயரைத் தேடிப் பிடித்துச் சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா
மண்டபம்