திரை முழுக்கப் படம் வேண்டுமா?

கேள்வி: வீட்டில் 100 அங்குலத் திரை கட்டிப் புரொஜெக்டரில் படம் பார்க்கிறோம். புதுப் படம் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை, பழைய படம் போட்டால் இரண்டு பக்கமும் பட்டை. மெனுவில் ஆட்டோ, 4:3, 16:9, ஜூம், நேட்டிவ் என்று ஏதேதோ இருக்கிறது. எதை வைத்தால் திரை முழுக்கப் படம் தெரியும்?

பதில்: தெரிய வைக்க வழி இருக்கிறது, ஆனால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நீங்கள் பார்க்கும் பட்டைக்குப் பின்னால் எதுவும் மறைந்து கிடக்கவில்லை. உங்கள் திரை 16:9, அதாவது உயரத்தைப் போல 1.78 மடங்கு அகலம். புதுப் படங்களில் பல வரும் அகலமான சினிமாஸ்கோப் வடிவமோ 2.39 மடங்கு. 1920×1080 புள்ளிகள் உள்ள புரொஜெக்டரில் அந்தப் படத்துக்குச் சுமார் 803 வரிகள்தான் தேவைப்படும், மீதி வரிகள் கறுப்பாகத்தான் நிற்கும். ஜூம் போட்டு நிரப்பினால் இரண்டு ஓரத்திலுமாகச் சேர்த்துக் கால் பங்குக்கு மேல் படம் வெட்டுப்பட்டுப் போகும்; இரண்டு பேர் எதிரெதிர் ஓரத்தில் நின்று பேசுகிற காட்சியில் ஆளே பாதிதான் தெரிவார். பழைய 4:3 படத்தை 16:9-க்கு இழுத்தால் எல்லாரும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பருத்துத் தெரிவார்கள். நாலு நாளில் கண் பழகிவிடும் என்பதுதான் இதில் எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, எதை வைப்பது? ஆட்டோ, அது சரிவராவிட்டால் 16:9. எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்தில் பெரும்பாலும் பிளேயரே பட்டையையும் சேர்த்து 16:9 ஆக்கித்தான் அனுப்புகிறது, அதனால் பழைய படமாயிற்றே என்று புரொஜெக்டரில் 4:3 வைத்தால் படம் இன்னொரு தடவை நசுங்கும். நேட்டிவ் என்பது புள்ளிக்குப் புள்ளி அப்படியே காட்டுவது, கணினியை இணைக்கும்போது நல்லது. ஜூமுக்கும் ஒரு நியாயமான வேலை உண்டு: சில பழைய டிவிடிகளில் நாலு பக்கமும் பட்டை சூழ்ந்து படம் நடுவில் சின்னதாக வரும், அப்போது தாராளமாகப் போடுங்கள். அதற்கு முன்னால் டிவிடி பிளேயரின் மெனுவில் டிவி வகை 16:9 என்று இருக்கிறதா என்று பாருங்கள், பல நேரம் கோளாறு அங்கேதான். ஓரத்து எழுத்துகள் வெட்டுப்பட்டால் ஓவர்ஸ்கேனை, அதாவது படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டும் அமைப்பை, அணைத்துவிடுங்கள்.

சந்தேகமாக இருந்தால் ஒரு வட்டத்தின் படத்தைத் திரையில் போட்டு, டேப்பால் அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கீஸ்டோனையும் (சாய்வாக விழும் படத்தை நேராக்கும் அமைப்பு) ஒரு தடவை பூஜ்யத்தில் வைத்து அளவெடுங்கள், சில கருவிகளில் அதுவும் விகிதத்தைக் கெடுக்கும்.

அப்புறம், உங்களை உறுத்துவது பட்டை இருப்பது அல்ல, அது சாம்பல் நிறத்தில் மினுங்குவது என்று நினைக்கிறேன். புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது, கொஞ்சம் வெளிச்சம் கசியத்தான் செய்யும். நான் கறுப்பு வெல்வெட் துணியை இரண்டு சட்டங்களில் ஒட்டி, படம் பார்க்கும்போது மட்டும் மேலும் கீழும் மாட்டுகிறேன். 100 அங்குலத் திரையின் 49 அங்குல உயரத்தில் படம் நிற்பது நடுவில் 36 அங்குலத்துக்குச் சற்று மேல்தான், ஆனாலும் அதன் ஆழமே வேறு மாதிரி இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் 2.35:1 அகலத் திரையே வாங்கிவிடலாமா?

பதில்: பார்ப்பதெல்லாம் சினிமாதான், புரொஜெக்டரிலும் லென்ஸ் ஜூம் (மெனு ஜூம் அல்ல, லென்ஸாலேயே படத்தைப் பெரிதாக்குவது) போதுமான அளவு இருக்கிறது என்றால் வாங்கலாம். லென்ஸைப் பெரிதாக்கும்போது பட்டைகள் திரைக்கு வெளியே சுவரில் போய் விழும்; பட்டைக்குள் வரும் சப்டைட்டிலும் கூடவே போய்விடும், அதை மறக்காதீர்கள். விளையாட்டு, தொடர், வீடியோ கேம் எல்லாம் கலந்து ஓடும் வீடென்றால் 16:9 திரையே போதும், ஏனென்றால் அகலத் திரையில் அவையெல்லாம் நடுவில் சுருங்கித்தான் நிற்கும்.