பேரனுக்குத் தூண்டில்

கேள்வி: பள்ளி விடுமுறைக்குப் பேரனைத் தூண்டில் போடக் கூட்டிப் போகலாம் என்றிருக்கிறேன். பேராக்கில் இருக்கும் தெமெங்கோர் ஏரியா, பினாங்குக் கடற்கரையில் தெலுக் பஹாங்கா? – ஒரு தாத்தா, பட்டர்வொர்த்

பதில்: ஐயா, முதல் தடவையே தெமெங்கோர் வேண்டாம். கெரிக் தாண்டி பண்டிங் வரை காரில் போய், அப்புறம் படகிலும் அலைந்து, ஒரு மீன்கூட கடிக்கவில்லை என்றால் பையன் கைப்பேசியைத்தான் தேடுவான். தெலுக் பஹாங்கில் நீர் ஏறும் நேரமாகப் பார்த்து, இறால் மாட்டி உட்காருங்கள், சின்னதாக ஏதாவது வரும். செம்பிலாங் (கெளுத்தி வகை மீன்) வந்தால் மட்டும் தொட விடாதீர்கள். முதுகு முள்ளிலும் பக்க முள்ளிலும் விஷம். குத்திவிட்டால் தாங்குகிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்து, கிளினிக்குக் கூட்டிப் போங்கள் (எனக்குக் குத்தியிருக்கிறது, இரவு முழுக்கத் தூக்கமில்லை).

சரி, பையன் பழகிய பிறகு தெமெங்கோர் போய், தோமான் (பெரிய விரால் வகை மீன்) தேடலாம். அங்கே சிவப்புக் குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் கொப்பளித்தால், அடியில் பெரிய மீன் காவல் நிற்கிறது என்று அர்த்தம். வீசினால் சுலபமாகக் கடிக்கும், ஆனால் அதைத் தூக்கிவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். வீசாமல் படகைத் திருப்புங்கள். ஏன் தாத்தா என்று அவனே கேட்பான்.