மகளுக்கு மருந்துச்சீட்டு எழுதும் உரிமை கிடைக்குமா? டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து கேட்ட ஒரு தாய்க்கு

அன்புத் தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகள் இந்த வருஷம் மேட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) எழுதுகிறாள். டாக்டர் படிப்புக்கு மார்க் எட்டாது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது, நர்சிங் போகிறேன் என்கிறாள். அமெரிக்காவில் ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ ஒருவர் தனி அறையில் உட்கார்ந்து மருந்து எழுதிக் கொடுக்கும் வீடியோவைப் பார்த்ததிலிருந்து, நானும் இப்படித்தான் ஆவேன் என்று பிடிவாதம். அவள் அப்பாவோ, “கடைசி வரைக்கும் டாக்டர் சொல்றதைத்தானே செய்யணும், அதுக்கு எதுக்கு நாலு வருஷம்?” என்கிறார். நீங்கள் நடுவில் மாட்டிக்கொண்டு தூக்கமில்லாமல் இருக்கிறீர்கள்.

முதலில் மனசு ஆறட்டும். தென்னாப்பிரிக்காவிலும் நர்ஸ் மருந்து எழுதலாம். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்து அரசு கிளினிக்குகளில் சுகருக்கும் பிரஷருக்கும் போகிற நம் ஜனங்களுக்குப் பெரும்பாலும் மருந்து எழுதுவது சிஸ்டர்தான். ஆனால் உங்கள் மகள் இப்போதே புரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. டாக்டருக்கு எழுதும் உரிமை பட்டத்தோடும் பதிவோடும் சேர்ந்தே வந்துவிடுகிறது. நர்ஸுக்கு அப்படி வராது. ஒரு கடிதமாக வரும், அந்தக் கடிதம் அவள் உட்காரும் நாற்காலியோடு கட்டப்பட்டிருக்கும். நாற்காலி மாறினால் கடிதமும் போய்விடும். இதைத் தெரிந்துகொண்டு படிப்பைத் திட்டமிட்டால் பின்னால் ஏமாற்றம் இருக்காது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இப்போது நடப்பில் உள்ளது 2005ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க நர்சிங் சட்டம். அதில் 56ஆம் பிரிவுதான் உங்கள் மகளின் கேள்விக்கு நேரான பதில். அந்தப் பிரிவின் ஆறாவது உட்பிரிவு சொல்வது இது: சுகாதாரத் துறையின் டைரக்டர் ஜெனரல், மாகாண சுகாதாரத் துறைத் தலைவர், நகராட்சியின் மருத்துவ அதிகாரி, அல்லது அதற்கென்று குறிக்கப்பட்ட ஒரு அமைப்பின் பொறுப்பு டாக்டர், தன் கீழ் வேலை செய்யும் நர்ஸுக்கு எழுத்து மூலம் அனுமதி தரலாம். நோயாளியின் உடம்பைச் சோதிப்பது, நோய் இன்னதென்று முடிவு செய்வது, குறிப்பிட்ட மருந்துகளை வைத்திருப்பது, கொடுப்பது, எழுதுவது எல்லாம் அந்த அனுமதிக்குள் வரும். கூடவே ஒரு நிபந்தனை: டாக்டரோ பார்மசிஸ்டோ கிடைக்காத நிலையில்தான் அவள் இதைச் செய்யலாம். இது புதிதாக முளைத்ததும் இல்லை. 1978ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 38ஏ என்ற பிரிவாக இருந்ததுதான் இப்போது 56 ஆகியிருக்கிறது. ஊர்ப்புற கிளினிக்குகளில் டாக்டர் இல்லாமல் ஜனங்கள் தவித்த காலத்திலிருந்து வருகிற ஏற்பாடு.

‘தன் கீழ் வேலை செய்யும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். எல்லாச் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

எனக்குப் பழக்கமான ஒரு சிஸ்டர், கெட்டிக்காரி. அரசு கிளினிக்கில் பல வருஷம் இருந்தவர். சம்பளம் கூட என்று ஒரு தனியார் கம்பெனியின் தொழிலாளர் கிளினிக்குக்கு மாறினார். பழைய அனுமதிக் கடிதத்தின் நகல் ஹேண்ட்பேக்கில் பத்திரமாக இருந்தது. அதை நம்பி முதல் வாரத்திலேயே ஒருவருக்கு ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார். பார்மசியில் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பார்மசிஸ்ட் போன் போட்டு, “சிஸ்டர், இந்த இடத்துக்கு உங்களுக்குப் பெர்மிட் எங்கே?” என்று கேட்டார். வேலைக்கு எடுத்தவர்களும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. நல்லவேளை, அந்த இடத்திலேயே நின்றது. நர்சிங் கவுன்சில் வரை போயிருந்தால் அவருடைய பதிவுக்கே ஆபத்து. என்னிடம் வந்து அழுதார். எனக்கும் அன்றைக்கு மனசு சரியில்லை. இத்தனை படித்த பெண்ணுக்கு இதை யாருமே உட்கார்த்திச் சொல்லித் தரவில்லையே என்ற ஆதங்கம் இன்னும் போகவில்லை. அதனால்தான் மேட்ரிக் பிள்ளைக்குக்கூட இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

தனியார் இடங்களில் எழுதவே முடியாது என்று எண்ணிவிட வேண்டாம். அதற்குப் பாதை வேறு. 1965ஆம் ஆண்டின் 101ஆம் இலக்க மருந்துச் சட்டத்தில் 22ஏ(15) என்ற பிரிவின் கீழ், குறிப்பிட்ட மருந்துகளை வாங்கி வைத்திருக்கவும் கொடுக்கவும் டைரக்டர் ஜெனரல் தனிப் பெர்மிட் தரலாம். அதே சட்டத்தின் 22சி(1)(ஏ) பிரிவில் இருப்பது டிஸ்பென்சிங் லைசன்ஸ். இதையும் எழுதும் உரிமையையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். எழுதுவது வேறு, மருந்தை எடுத்துப் பொட்டலத்தில் போட்டு, லேபிள் ஒட்டி, நோயாளி கையில் கொடுப்பது வேறு. இரண்டாவதைச் சொந்தமாகச் செய்ய இந்த லைசன்ஸ் வேண்டும். அதற்கு முன்பு பார்மசி கவுன்சில் ஏற்றுக்கொண்ட ஒரு டிஸ்பென்சிங் கோர்ஸையும் முடித்திருக்க வேண்டும். டாக்டர்கள்கூடத் தங்கள் சொந்தக் கிளினிக்கில் மருந்து கொடுக்க இதே லைசன்ஸைத்தான் எடுக்கிறார்கள். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், கொஞ்சம் அமைதியாவார்.

இனி, ‘டாக்டருக்குக் கீழே’ என்று அவர் சொல்வதற்கு வருகிறேன். என் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொன்னால் லேசாக விளங்கும். என் அம்மாவுக்குச் சுகர். மாதாந்திர மருந்துக்குக் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப் போவேன். ஒரு நாள் சிஸ்டர் வழக்கம்போல் விரலில் குத்திச் சுகர் பார்த்தார். பிரஷர் எடுத்தார். அம்மாவின் செருப்பைக் கழற்றச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு, “ஆயா, இங்கே தெரியுதா? இங்கே?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். பெருவிரல் பக்கம் அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு லேப் ரிப்போர்ட்டைத் திறந்தார். கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் எண் 28 என்று வந்திருந்தது. 30க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் கொடுக்கக் கூடாது. அதுவரைக்கும் அம்மா வருஷக்கணக்காக எடுத்துக்கொண்டிருந்த மாத்திரை அது. சிஸ்டர் அதை நிறுத்தினார். பதிலுக்கு என்ன என்பதைத் தானே எழுதாமல் பேனாவைக் கீழே வைத்தார். மேஜையில் இருந்த தடித்த வழிகாட்டிப் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, டாக்டருக்குப் போன் செய்து அந்தக் கிட்னி எண்ணையும் காலில் உணர்ச்சி இல்லாததையும் சொல்லி, அம்மாவை அவரிடம் அனுப்ப ஏற்பாடு செய்தார். எல்லாம் சேர்ந்து இருபது நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அந்த இருபது நிமிஷத்தில் முடிவெடுத்தது சிஸ்டர். டாக்டர் அவர் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு சீட்டிலும் கையெழுத்துப் போடவில்லை. மேற்பார்வை என்பது இங்கே மூன்று இடத்திலிருந்து வருகிறது. ஒன்று அந்த அனுமதிக் கடிதம். இன்னொன்று ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கான தேசிய மருந்துப் பட்டியலும் சிகிச்சை வழிகாட்டியும். அதில் சில மருந்துகளுக்குப் பக்கத்தில் டாக்டர்தான் தொடங்க வேண்டும் என்றே குறித்திருக்கும். டாக்டர் தொடங்கிவிட்டால் பிறகு சிஸ்டர் தொடரலாம். மூன்றாவது, போன் எடுத்தால் மறுபக்கம் பேச ஒரு டாக்டர். இதில் என்ன தாழ்வு இருக்கிறது? தன் எல்லை எங்கே முடிகிறது என்று தெரிந்த கை என் அம்மாவைத் தொட்டதில் எனக்கு நிம்மதிதான்.

நர்ஸ் எழுதினால் தரம் குறையுமோ என்ற பயம் உங்களுக்கும் இருக்கலாம். இந்த நாட்டில் அதைப் பெரிய அளவில் பார்த்துவிட்டார்கள். ஹெச்ஐவி மருந்தை டாக்டர்தான் தொடங்க வேண்டும் என்று இருந்த காலத்தில் காத்திருந்தே செத்தவர்கள் எத்தனையோ பேர். 2010இல் நர்ஸே தொடங்கி நர்ஸே கவனிக்கும் முறையை அரசு நாடு முழுக்கக் கொண்டுவந்தது. கிளினிக்கில் ‘நிம்ஆர்ட்’ என்று சொல்வார்களே, அதுதான். ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் 31 கிளினிக்குகளை வைத்து நடத்திய ஆய்வு 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நர்ஸ்கள் கையில் போன நோயாளிகள், டாக்டர் கையில் இருந்தவர்களைவிட மோசமாகப் போகவில்லை என்று அதில் தெரிந்தது. நம் மாகாணமான குவாசுலு நேட்டாலில் இன்று அந்த மருந்தால் உயிரோடு இருப்பவர்களில் ஏராளமானவர்களுக்கு முதல் சீட்டை எழுதியது ஒரு சிஸ்டர்.

சரி, உங்கள் மகள் அந்த நாற்காலிக்கு எப்படிப் போவது? இங்கே அவசரப்பட்டுத் தப்பான கோர்ஸில் சேர்ந்துவிடாதீர்கள். இப்போது நர்சிங்கில் முக்கியமாக இரண்டு வாசல்: மூன்று வருஷ டிப்ளமா, நாலு வருஷ டிகிரி. டிப்ளமா முடித்தால் பொது நர்ஸ், பிரசவம் பார்க்கும் தகுதி அதில் இல்லை. டிகிரி முடித்தால் நர்ஸும் மிட்வைஃபும் சேர்த்துப் பதிவு. மருந்து எழுதும் வேலைக்குப் பிறகு படிக்க வேண்டியது பிரைமரி கேர் நர்சிங்கில் ஒரு வருஷ போஸ்ட் கிராஜுவேட் டிப்ளமா. டிகிரிக்காரர்கள் அதற்கு நேராக விண்ணப்பிக்கலாம். டிப்ளமாக்காரர்கள் நடுவில் ஒரு அட்வான்ஸ்டு டிப்ளமாவை முடித்துவிட்டுத்தான் வர முடியும். ஆகவே இடம் கிடைத்தால் டிகிரியைப் பிடியுங்கள் என்பதுதான் என் யோசனை. யூகேஇசட்என் (குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகம்), டியூடி (டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) இரண்டுக்கும் சிஏஓ என்ற மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகத்தான் விண்ணப்பம். டிகிரி கிடைக்காமல் டிப்ளமாதான் கிடைத்தாலும் கதவு மூடிவிடாது. ஒரு படி கூட ஏற வேண்டும், அவ்வளவுதான்.

எந்தக் காலேஜானாலும் பணம் கட்டுவதற்கு முன்னால், நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் அந்தக் காலேஜ் பெயரும் அந்தக் கோர்ஸும் இரண்டும் இருக்கிறதா என்று நீங்களே கண்ணால் பாருங்கள். காலேஜ்காரர் காட்டும் சான்றிதழ் நகலை நம்ப வேண்டாம்.

டிகிரிக்குப் பிறகு ஒரு வருஷம் காம்சர்வ், அதாவது கட்டாயச் சமூக சேவை, அரசு சொல்லும் இடத்தில். உங்களுக்கு ஒன்றை மறைக்க மாட்டேன்: காம்சர்வ் முடித்தும் நிரந்தரப் போஸ்ட் கிடைக்காமல் காத்திருக்கிற பிள்ளைகள் இந்த மாகாணத்தில் இருக்கிறார்கள். பட்ஜெட் இல்லாமல் காலி இடங்களை நிரப்பாமல் வைத்திருக்கிறார்கள். இது எனக்கு வேதனையான விஷயம், ஏனென்றால் கிளினிக் வாசலில் வரிசை குறையவே இல்லை. ஆகவே நர்சிங் என்றால் வேலை நிச்சயம் என்று அந்தக் காலம் போல் யாரும் சொன்னால் முழுசாக நம்ப வேண்டாம். ஆனால் பிரைமரி கேர் தகுதியோடு இருப்பவர்களை ஆரம்ப சுகாதாரக் கிளினிக்குகள் தேடுகின்றன, அதனால் அந்தக் கூடுதல் வருஷம் வீண் போகாது.

அமெரிக்கா வீடியோவுக்கு வருவோம். அங்கே நர்ஸ் பிராக்டிஷனர் ஆக மாஸ்டர்ஸோ டாக்டரேட்டோ படித்து, தேசியத் தேர்வும் எழுத வேண்டும். அதற்கு மேல் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. டெக்ஸாஸில் டாக்டரோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் இல்லாமல் மருந்து எழுத முடியாது. ஒரு டாக்டர் பொதுவாக முழுநேரக் கணக்கில் ஏழு பேருக்கு மேல் இப்படிப் பொறுப்பேற்கவும் கூடாது. கடுமையான வலி மருந்துகளை ஆஸ்பத்திரியிலோ கடைசிக்கால நோயாளிகள் இல்லத்திலோ தவிர வேறெங்கும் எழுத முடியாது. வேறு சில மாநிலங்களில் டாக்டர் கையெழுத்தே வேண்டாம். கலிஃபோர்னியா 2020இல் சட்டம் போட்டு, அனுபவம் உள்ளவர்களுக்கு அந்தப் பிடியைத் தளர்த்தியது. இங்கிலாந்தில் 2006இலிருந்து, தனிப் பயிற்சி முடித்த நர்ஸ்கள் ஏறக்குறைய எல்லா மருந்தும் தாங்களே எழுதலாம். இங்கே வாங்கிய அனுமதிக் கடிதம் அந்த ஊர்களில் எதற்கும் உதவாது, அங்கே போய் மறுபடியும் தகுதி பெற வேண்டும். அப்போது அவளுக்குக் கைகொடுப்பது டிகிரியும், இங்கே கிளினிக்கில் நோயாளியை முழுசாகப் பார்த்துப் பழகிய அனுபவமும். இதனாலும்தான் டிகிரி என்கிறேன்.

அவள் அப்பாவுக்கு நான் நேரில் பேசினாலும் இதைத்தான் சொல்வேன்: டாக்டர் சீட் கிடைக்காததால் நர்சிங்குக்குத் தள்ளப்படுகிற பிள்ளை என்றால், ஒரு வருஷம் நிறுத்தி யோசிக்கச் சொல்லுங்கள். நைட் டியூட்டியும் மலம், ரத்தமும் அவளுக்கு ஒத்துவருமா என்று பார்க்காமல், மருந்து எழுதுவதை மட்டும் கனவு கண்டு சேர்ந்தால் இரண்டாவது வருஷத்திலேயே உடைந்துபோவாள். பேனா கைக்கு வர ஏழெட்டு வருஷம் ஆகலாம். அதுவரை படுக்கை மாற்றுவதும் புண் கழுவுவதும்தான். அவளுக்கு அது பிடிக்கும் என்றால், அப்பா, தயவுசெய்து குறுக்கே நிற்காதீர்கள்.

பக்கத்துக் கிளினிக்கில் பொறுப்பு நர்ஸான ஆபரேஷனல் மேனேஜரைப் பார்த்து, லீவில் சில நாள் வந்து நின்று பார்க்க மகளுக்கு அனுமதி கேளுங்கள். போகிறவள் அங்கே ஒரு சிஸ்டரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: “உங்க ஐம்பத்தாறு லெட்டர் யாரு கையெழுத்துப் போட்டது, எப்போ வந்தது?” பதில் சொல்லும்போது அந்தச் சிஸ்டர் முகத்தைப் பார்த்து வரட்டும். அடுத்த சனிக்கிழமை கோவில் ஹாலில் காலை ஒன்பதிலிருந்து இருப்பேன். கிரேடு பதினொன்று ரிப்போர்ட்டும் இந்த வருஷம் ஜூன் மார்க்கும் எடுத்து வாருங்கள். அப்பாவும் வரட்டும்.

அன்புடன்,
உங்கள் அக்கா