மஞ்சள் கிழங்கு அழுகலுக்கு டிஎன்ஏ சோதனை எதற்கு?

கோபிசெட்டிபாளையம் பக்கம் மஞ்சள் போட்டிருக்கும் நண்பர் கேட்டிருந்தார்: கிழங்கு அழுகுகிறது, கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி ஊற்றியும் நிற்கவில்லை, டிஎன்ஏ சோதனையில் என்ன தெரியும்?

கிழங்கைப் பிதுக்கினால் நீராகக் கசிந்து நாறுகிறதா? அழுக வைக்கும் கிருமி பித்தியமாக இருக்கலாம், பியூசேரியம் என்ற பூஞ்சையாகவும் இருக்கலாம். வெறும் கண்ணால் பிரிப்பது சிரமம். பித்தியம் உண்மையில் பூஞ்சையே இல்லைங்க. பழுப்புப் பாசிகளுக்குப் பங்காளி. அதனிடம் கார்பென்டாசிம் செல்லாது, மெட்டலாக்சில் என்ற மருந்து கேட்கும். பியூசேரியத்திடம் மெட்டலாக்சில் பலிக்காது. ஆளைத் தெரியாமல் மருந்து ஊற்றினால் காசும் போகும், வெள்ளாமையும் போகும். என்னைக் கேட்டால் சோதனையின் முழுப் பயனே இதுதான்.

கிழங்குத் துண்டிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, பிசிஆர் கருவியில் ஐடிஎஸ் என்ற பகுதியைக் கோடிக்கணக்கில் படியெடுப்பார்கள். அதன் எழுத்து வரிசையைத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டால் பெயர் தெரியும். பூஞ்சைகளின் பொது அடையாளமாக 2012-ல் முன்மொழியப்பட்ட பகுதி இது. பியூசேரியத்துக்குள் எந்த இனம் என்று பிரிக்க இது பத்தாது, டெஃப்1 மரபணுவையும் பார்க்க வேண்டும்.

அப்புறம், முழுக்க அழுகினதைக் கொண்டுபோகாதீர்கள். பின்னால் வந்து மொய்த்த நுண்ணுயிர்களின் டிஎன்ஏதான் மிஞ்சும். நல்ல சதையும் கெட்ட சதையும் சேரும் விளிம்புள்ள கிழங்கைக் காகிதத்தில் சுற்றி, கோவை வேளாண் பல்கலைக்கழகப் பயிர் நோயியல் துறையில் அன்றைக்கே கொடுங்கள்.